கிட்டாருக்குள் ஒட்டிய ஸ்கேல் துண்டு

கிட்டார் பழுதுபார்க்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாக வேலை செய்கிறீர்கள். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. நீங்கள் சரிசெய்த நான்கைந்து கிட்டார்களை வாங்கி உள்ளும் புறமும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆகவே பசை, மரம், தந்தி பற்றியெல்லாம் நான் பாடம் எடுக்கப் போவதில்லை. அவையெல்லாம் போனிலேயே கிடைக்கின்றன. அதுவும் என்னைவிடப் பொறுமையான ஆட்கள் சொல்லித் தருகிறார்கள். போனில் கிடைக்காதது ஒன்றுண்டு. கடை வாசலில் நிற்கிறவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த அரை நிமிடம். அப்படியொரு அரை நிமிடத்தில் நான் செய்த கேவலத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் உங்களுக்கு மரியாதை குறைந்தால் குறையட்டும்.

புதுக்கோட்டையில் கீழராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் கடை இருந்தது. ஆர்மோனியம், வயலின், கிட்டார் எல்லாம் வரும். கை நடுக்கம் வந்த பிறகு பூட்டிவிட்டேன். நடுங்கும் கையோடு உளியைப் பிடிப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து திட்டு வாங்குவது மேல்.

பழைய கிட்டாரைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் 'இது எந்தக் காலத்தது, எங்கே செய்தது' என்பதுதான். குளத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தாத்தாவுக்கு வெள்ளைக்காரத் துரை ஒருவர் கையால் கொடுத்த லண்டன் கிட்டார் என்றார். உள்ளே தூசியைத் தட்டிப் பார்த்தால் கல்கத்தாவில் ஒட்டிய சீட்டு. அதை அவரிடம் சொன்னபோது, துரையே கல்கத்தாவில் வாங்கியிருக்கலாமே என்றார். சரிதான் என்று அனுப்பிவைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிட்டாரின் மேல்பூச்சு பொய் சொல்லும். தந்தி முறுக்கும் திருகாணியை மாற்றலாம், தந்தி ஏறி உட்காரும் பாலத்தை மாற்றலாம், சிவப்பைக் கறுப்பாக்கலாம். உள்ளே யாரும் பூச்சு அடிப்பதில்லை. யார் செய்தது, யார் சரிசெய்தது, யார் கெடுத்தது எல்லாம் உள்ளேதான் இருக்கும். நான் கெடுத்ததும் அப்படித்தான் ஒன்றுக்குள் இருந்தது.

ஜெயசீலன் என்று ஒரு வாலிபன். கட்டுமாவடிக்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர். இவன் அறந்தாங்கியில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஏசி மெக்கானிக்காக இருந்தான், ஞாயிற்றுக்கிழமை ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பான். ஒருநாள் மத்தியானம் ஒரு சிவப்பு கிட்டாரைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துவந்தான். கையாலேயே சுழித்துச் சுழித்துச் சிவப்புப் பூச்சு ஏற்றிய பழைய கிட்டார், தயாரித்தவர் சீட்டு கிழிந்து போயிருந்தது. தந்தி இழுத்து இழுத்து மேல்பலகை பாலத்துக்குப் பக்கத்தில் குழிந்து, ஒரு கீறலும் விழுந்திருந்தது. சாயங்காலம் கோயிலில் பயிற்சி இருக்கிறது, காத்திருந்து வாங்கிக்கொண்டு போகிறேன் என்றான்.

காத்திருக்கிறேன் என்று சொல்கிற வாடிக்கையாளரைப் போல ஆபத்து வேறு எதுவும் இல்லை. நாளைக்கு வா என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துச் சரி என்றுவிட்டேன். கீறலைச் சேர்த்துப் பசை போட்டு, மேல்பலகையின் வட்டத் துளை வழியாக, ஒட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை உள்ளே விட்டு முறுக்கினேன். ஒரு முறுக்கு கூடிப்போனது. உள்ளே 'டப்' என்றது. மேல்பலகைக்கு அடியில், வீட்டுக் கூரைக்கு உத்திரம் இருப்பதுபோல மெல்லிய சட்டங்கள் குறுக்கே ஒட்டியிருக்கும். அதில் ஒன்று முறிந்துவிட்டது. அவன் கொண்டுவந்தபோது அது நன்றாக இருந்த சட்டம்.

அவன் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான். நல்ல சட்டம் செதுக்கிப் போட ஒருநாள் ஆகும். மேசைமேல் ரசீதுக்குக் கோடு போட வைத்திருந்த மரஸ்கேல் கிடந்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கியது. அதில் மூன்று அங்குலத்துக்கு மேல் ஒரு துண்டு நறுக்கி, முறிந்த இடத்துக்குத் துணையாக ஒட்டிவிட்டேன். எண் அச்சடித்த பக்கம் வழுவழுவென்று இருக்கும், பசை பிடிக்காது. அதனால் வெறும் பக்கத்தை ஒட்டினேன். ஏழு, எட்டு, ஒன்பது என்ற எண்கள் கிட்டாரின் வயிற்றுக்குள் கீழ்நோக்கி இருந்தன.

ஜெயசீலன் வந்து தந்தியைக் கட்டச் சொல்லி வாசித்துப் பார்த்தான். "சூப்பரா இருக்குங்கய்யா, முன்னவிட கணீர்னு கேக்குது" என்று சிரித்துக்கொண்டே போனான். அவனே திருப்தியாகச் சிரித்துவிட்டான், பிறகென்ன என்று நானும் விட்டுவிட்டேன். இன்னொரு தொழில்காரன் கண்ணாடி விட்டுப் பார்த்தால் என்னைப் பற்றி ஊரெல்லாம் சிரிப்பானே என்ற பயம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. எட்டு வருடம் ஓடியது.

எட்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவனுடைய அப்பா சவரிமுத்து வந்தார். எனக்கு அவரை அதற்குமுன் தெரியாது. வெயிலில் கறுத்த, திடமான மனிதர். அவர் வந்தபோது கடையில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். அவர்கள் பள்ளியின் வாத்தியங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். என்னைப் பற்றி எங்கே போனாலும் "அவரு வேலை உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி சுத்தமா இருக்கும்" என்று சொல்வார். அந்தச் சொல் எனக்குச் சாப்பாட்டைவிடப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அது முக்கியம்.

சவரிமுத்து ஒரு போர்வையை அவிழ்த்தார். உள்ளே கறுப்புக் கிட்டார். விமான நிலையத்து ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. பக்கப்பலகை பிளந்து, கழுத்து ஆடிக்கொண்டிருந்தது. கருகிய ரப்பர் வாடை வந்தது.

"அண்ணே, இத நீங்க ரிப்பேரு பண்ண வேணாம். இது எம் மவன் ஜெயசீலன் கிட்டாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. முன்ன ஒருக்கா நீங்கதான் சரி பண்ணிக் குடுத்தீங்களாம். மருமவதான் சொல்லி அனுப்புச்சு" என்றார்.

பிறகு விவரம் சொன்னார். ஜெயசீலன் கல்யாணம் முடிந்து இரண்டு வருடத்தில் கல்ஃபுக்குப் போயிருக்கிறான். கிட்டாரையும் எடுத்துக்கொண்டுதான் போனான். கடைசியில் கம்பெனியோடு ஏதோ தகராறு, சொல்லாமல் வெளியேறிவிட்டான். அதற்குப் பிறகு நான்கு மாதமாகப் போனே இல்லை. திடீரென்று ஒருநாள் தகவல் வருகிறது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போன ஒரு வேன் உருண்டு தீப்பிடித்துவிட்டது, உள்ளே இருந்த ஆறு பேரும் போய்விட்டார்கள் என்று. ஐந்து பேருக்குச் சொந்தக்காரர்களும் கூட்டாளிகளும் அடையாளம் சொன்னார்கள். ஆறாவது ஆள் ஜெயசீலன் என்று அங்கேயே யாரோ முடிவுசெய்து, ஆணி அடித்த பெட்டியில் அனுப்பிவைத்தார்கள். திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. திறக்காமலே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். உருண்டபோது வேனிலிருந்து வெளியே விழுந்த கிட்டார் அடக்கம் முடிந்த மறுநாள் தனியாகக் கார்கோவில் வந்தது.

"எம் மவன் கிட்டாரு செவப்புண்ணே. இது கறுப்பு. அவன் அதத் தவிக்க விட்டுட்டு எங்கயும் போகமாட்டான், யாருகிட்டயும் குடுக்கவும் மாட்டான். இது அவனுதுன்னா அந்த வேன்ல அவன் இருந்தான். அவனுதில்லன்னா அந்தப் பெட்டியில வந்தவன் வேற யாரோ. பேப்பரு இல்லாத ஆளுகள அங்கிட்டு செயில்ல போட்டா மாசக்கணக்காப் பேச விடமாட்டாகளாம். பாத்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், அவர் என்னிடம் கேட்டது கிட்டாரைப் பற்றி அல்ல. எனக்கும் அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஒரு திருகாணியைக் கழற்றினேன். அதன் அடியில் பூச்சு படாத வட்டத்தில் பழைய சிவப்பு எட்டிப்பார்த்தது. அதை வைத்து மட்டும் முடிவுசெய்ய முடியாது, சிவப்பு கிட்டார்கள் ஆயிரம் இருக்கும். சிறிய பல்பையும் கைப்பிடி வைத்த கண்ணாடியையும் துளைக்குள் விட்டேன். கண்ணாடியில் எண்கள் இடம்வலம் மாறித்தான் தெரியும். மாறித் தெரிந்தாலும் ஏழு ஏழுதான். எட்டு. ஒன்பது.

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்து, "உள்ளே என்ன சார் தெரியுது? நானும் பார்க்கட்டுமா?" என்று தலையை நீட்டினார். கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டேன்.

"ஒரே தூசியா இருக்குங்க டீச்சர்" என்றேன்.

சவரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரை நிமிடம் இதுதான். ஆமாம் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். டீச்சர் முன்னால் கண்ணாடியை மறுபடியும் விட்டு, முறிந்த சட்டத்தையும் பிள்ளைகள் கோடு போடும் ஸ்கேலையும் காட்ட வேண்டும். நான் சொன்னேன்: "உறுதியாச் சொல்ல முடியலைங்க."

அந்த மனிதர் அப்படியே மூச்சு விட்டார். தோள் இறங்கியது. "அப்ப இல்லைன்னும் இருக்கலாம்லண்ணே?" என்றார். "விட்டுட்டுப் போங்க, பிரிச்சு நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும்தான் அங்கே அழாமல் நின்றேன்.

பாவம், பெற்ற மனம், எப்படிச் சட்டென்று சொல்வது என்று இரக்கப்பட்டுத்தான் சொல்லவில்லை என்று அன்று முழுக்க என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரக்கமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரக்கப்பட்டவன் டீச்சரை அனுப்பிவிட்டு அவரைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருப்பான். சாயங்காலமே பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருப்பான். நான் அதில் எதையும் செய்யவில்லை. கடையைச் சாத்திவிட்டுக் கிட்டாரை வேலைப்பலகையில் ஏற்றினேன்.

அடுத்த மூன்று வாரம் அந்தக் கிட்டாருக்குச் செய்த வேலையைப் போல என் ஆயுளில் நான் வேறு எதற்கும் செய்ததில்லை. கழுத்தைப் பிரித்துச் சேர்த்தேன். பக்கப்பலகையின் பிளவு இருந்த இடமே தெரியாது. கறுப்புப் பெயின்ட்டை மட்டும் தொடவில்லை. அது அவன் அடித்ததாக இருக்கும் என்று தெரிந்திருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது என்று வாய் சொன்னது, கை மட்டும் இது ஜெயசீலன் கிட்டார் என்று தெரிந்தே வேலை செய்தது. கவனமாக வேலை செய்துகொண்டிருந்தால் தப்பு செய்யவில்லை என்று தோன்றும். நம் தொழிலில் இது ஒரு நோய். யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்போது உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

அந்த நாட்களில்தான் இன்னொரு தப்பும் செய்தேன். நல்ல வேலைக்காரனுக்குத்தான் இந்தத் தப்பு வரும், அதனால் கவனமாகப் படியுங்கள். உள்ளே அசிங்கமாக ஒரு வேலை கிடந்தால் நம் கை சும்மா இருக்காது. கத்தியைச் சூடுபண்ணி விட்டு அந்த ஸ்கேல் துண்டைப் பெயர்த்து எடுத்தேன். முறிந்த சட்டத்தையும் எடுத்தேன். புதிதாக ஒரு சட்டம் செதுக்கி, முறையாக ஒட்டினேன். எட்டு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. முடித்தபோது மனசு லேசானது. அந்தக் கிட்டார் யாருடையது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே பிடுங்கிவிட்டேன் என்பது அப்போது புத்தியில் ஏறவே இல்லை. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. எவ்வளவு மோசமான பழைய ஒட்டாக இருந்தாலும் எடுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள் என்று உங்களிடம் நச்சரிக்கிறேனே, அது இதனால்தான். துண்டைக் குப்பையில் போடாமல் மேசை டிராயரில் போட்டேன். ஏன் என்று தெரியாது.

நான்காவது வாரத் தொடக்கத்தில், திங்கட்கிழமை மத்தியானம் சவரிமுத்து போன் செய்தார். குரலில் தெம்பு இருந்தது.

"அண்ணே, நான் கலெக்டர் ஆபீசுல இருந்து பேசுறேன். இன்னைக்கு மனு நாளுல்ல. குழியத் தோண்டி ரத்தச் சோதன பண்ணிப் பாக்கணும்னு மனு குடுக்க வரிசையில நிக்குறேன். அது அவன் கிட்டாரு இல்லைன்னு ஒங்க கடை ரசீதுல ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா கூட வச்சுருவேன்."

அவரே தொடர்ந்தார்.

"முப்பதாம் நாள் பூசைய நிறுத்தச் சொல்லிட்டேண்ணே. உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குப் பூசை? மருமவ கழுத்துலயும் தாலியத் திரும்பப் போட்டாச்சு. போன ஞாயித்துக்கெழம, தெருவே பாக்க, எங்க வீட்டம்மா கையால போட்டு விட்டுச்சு. அந்தப் புள்ள வேணாம் வேணாம்னு அழுதுச்சு. நாந்தான் சத்தம் போட்டேன்."

எழுதித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நாளைக்கு நானே வாரேங்க" என்றேன். அவர் அதையும் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டார். "வாங்கண்ணே வாங்க, நல்ல மீனா எடுத்து வைக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலையில் அறந்தாங்கி போய், அங்கிருந்து கட்டுமாவடிக்குப் பஸ் மாறினேன். மடியில் கிட்டார், சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய ஸ்கேல் துண்டு. அறந்தாங்கி தாண்டியபிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தத் துண்டு இப்போது வெறும் துண்டு. இது கிட்டாருக்குள் இருந்தது என்று நான் சொன்னால்தான் உண்டு. என் வாய்க்கு என்ன மதிப்பு மிச்சம் இருக்கிறது? மூன்று வாரத்துக்கு முன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொன்ன வாய்தானே இதுவும்.

சவரிமுத்து வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் மணம் வந்தது. அவருடைய மனைவி கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். மருமகள் சகாயமேரி கதவோரம் நின்றிருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கழுத்தில் சிலுவை கோத்த தாலி, மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. கயிற்றைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதுபோல இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தாள்.

நான் கலரைத் தொடவில்லை. "இது ஜெயசீலன் கிட்டார்தாங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் சட்டத்தை முறித்தது, ஸ்கேலை ஒட்டி மறைத்தது, அன்று கண்ணாடியில் அதைப் பார்த்தது, சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. நான் முடித்ததும் சவரிமுத்து எழுந்து, கிட்டாரை வாங்கி, போன் டார்ச்சை அடித்து, கிட்டாரைச் சாய்த்துத் துளைக்குள் ஓரமாகப் பார்த்தார்.

"எங்கண்ணே ஸ்கேலு? புதுக் கட்டையில்ல இருக்கு?"

"நாந்தான் எடுத்துட்டேங்க. வேற சட்டம் போட்டேன். எடுத்த துண்டு இந்தச் சட்டைப் பையில இருக்கு."

"அன்னைக்கு இருந்துச்சு, சொல்லல. இன்னைக்கு இல்ல, சொல்றீங்க." குரல் ஏறியது. "யாரு வந்து பேசுனா ஒங்ககிட்ட? மனுவ வாங்கக் கூடாதுன்னு எவனும் சொன்னானா? ஒடைச்ச ஸ்கேலு எங்க வீட்டுலயுந்தான் கெடக்கு. அதக் கொண்டாந்து காட்டுனா எம் மவன் செத்துருவானா?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் பைக்குள் கையை விட்டு அந்தக் காகிதச் சுருளைப் பிடித்தேன். வெளியே எடுக்கத் தைரியம் வரவில்லை.

"ஏழு, எட்டு, ஒம்போது" என்றாள் சகாயமேரி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"அந்த ஸ்கேலுல அந்த மூணு நம்பருதான் மாமா இருக்கும். அவரு பையில இருக்கறத எடுத்துப் பாருங்க."

நான் காகிதச் சுருளை எடுத்துப் பிரித்தேன். துண்டைச் சவரிமுத்துவிடம் நீட்டினேன். அவர் வாங்கி, எண்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார். எழுத்துப் படிக்காத மனிதர், எண் தெரியும்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"கல்யாணம் ஆன புதுசுல அவுகளே காட்டுனாக. போன உள்ள விட்டுப் போட்டோ எடுத்து. புதுக்கோட்டைக்காரரு என் கிட்டாருக்கு வயித்துக்குள்ளயே அளவு எடுத்துருக்காருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. போய்க் கேக்க வேண்டியதுதானன்னேன். பாவம், சங்கடப்படுவாரு, சத்தம் நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டாக."

"இந்தக் கிட்டாருக்குள்ள...?"

"பார்சலு வந்த அன்னைக்கே பாத்துட்டேன் மாமா. கறுப்பா இருக்கவும் எனக்கும் நெஞ்சு துள்ளுச்சு. டார்ச் அடிச்சு, போன உள்ள விட்டுப் பாத்தேன். இருந்துச்சு."

சவரிமுத்து உட்கார்ந்தார். நாற்காலி இருக்கும்போதே தரையில் உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நேராக மருமகளின் பின்னால் போய், கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். புதுக் கயிறு, இறுகியிருந்தது. நகத்தால் வெகுநேரம் அவிழ்த்தார். சகாயமேரி குனிந்தபடி நின்றாள். பிறகு சவரிமுத்து போனை எடுத்துப் பங்குச்சாமியைக் கூப்பிட்டார். "சாமி, அந்த முப்பதாம் நாள் பூசை... ஆமாங்க, வைக்கணும்ங்க" என்றார்.

நான் அங்கே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று நினைவில்லை. என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து வெளியே வந்தேன்.

உங்களுக்குச் சொல்ல நினைத்ததை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு வராது. வேலையில் கை தவறும். கிளாம்ப் ஒரு முறுக்கு கூடும், உளி வழுக்கும். எல்லோருக்கும் நடக்கும். வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதை மறைக்காதீர்கள். வந்ததும் சொல்லிவிடுங்கள். கத்துவார், வேறு கடைக்குப் போவார், அதோடு முடிந்துவிடும். சந்தேகம் இருக்கும்போது சந்தேகம் என்று சொல்லுங்கள். தெரிந்த ஒன்றைச் சந்தேகம் என்று சொல்லாதீர்கள். நம் வாயிலிருந்து வருகிற 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கல்லறையைத் தோண்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சகாயமேரி வந்துகொண்டிருந்தாள். நான் தோளில் போட்டு வந்த துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது, அதைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பிப் போகவில்லை.

"மாமாகிட்ட என் வாயால சொல்ல முடியலைங்கய்யா" என்றாள். "கறுப்புக் கிட்டாரப் பாத்துட்டு, எம் மவன் இல்ல, எம் மவன் இல்லன்னு குதிக்கிறாரு. நான் போயி, இல்ல மாமா இது அவுகதான்னு சொன்னா, அவுகள நானே ரெண்டாம் தடவ சாகக் குடுத்த மாதிரி இருக்கும். வெளியாளு, வெவரம் தெரிஞ்சவரு சொன்னாத் தாங்கிக்கிருவாருன்னு நெனச்சேன். ஸ்கேல ஒட்டுன ஆளு நீங்க, பாத்த ஒடனே தெரிஞ்சுரும், சொல்லிருவீங்கன்னுதான் ஒங்க கடைக்கு வழி சொல்லி அனுப்புனேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"தெரியலைன்னு சொல்லிட்டீங்கன்னு மாமா சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னாரு. அதுக்கப்புறம் நான் சொன்னா யாரு நம்புவா? தாலியப் போட்டாக. போட்டுக்கிட்டேன். தண்ணி எடுக்கப் போனா, ஒம் புருசன் வந்துருவான் ஆத்தான்னு ஆளாளுக்கு வாழ்த்துறாக. ஆமான்னு தலையாட்டிக்கிட்டு வந்தேன்." பிறகு கேட்டாள்: "ஏங்கய்யா அன்னைக்குச் சொல்லல?"

இரக்கம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"பக்கத்துல ஒரு டீச்சர் உக்காந்துருந்தாங்கம்மா. என் வேலையில இப்படியொரு மட்டமான ஒட்டு இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுருமேன்னு பயந்துட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். இதற்குப் பின்னால் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"அம்புட்டுத்தானாங்கய்யா?" என்றாள்.

"ஆமாம்மா, அவ்வளவுதான்" என்றேன்.